பக்கத்து வயலின் வழியே வடிந்த தண்ணீர்

கரும்பை எடுத்துவிட்டுப் பலதும் கலந்து பயிர் வைக்கத் தொடங்கிய முதல் சில வருஷங்களில், பாகூர் கடைத்தெருவுக்குப் போவதென்றால் நான் ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போவேன். நேர்ப்பாதையில் போனால் டீக்கடையைத் தாண்ட வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்.

"இன்னாம்மா, களையெடுக்க ஆளு கெடைக்கலியா?"

கேலி அதிகம் இருக்காது. பாதி உண்மையான அக்கறைதான். அதுதான் இன்னும் கூசும்.

எங்களுக்கு இரண்டு காணி நிலம். மாமனார் இருந்தவரை கரும்பும் நெல்லும்தான். அவர் போன பிறகு நிலம் என் கைக்கு வந்தது. வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். வயல் பக்கம் வருவது வார விடுமுறைக்குத்தான். மருந்தும் யூரியாவும் இல்லாமல் விவசாயம் செய்வது பற்றி எங்கோ ஒரு பயிற்சிக்குப் போய்வந்த நான், அதைச் செய்து பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். நடுவில் நெல். வரப்பெல்லாம் துவரை. மேட்டில் வாழை, முருங்கை, கத்திரி, மிளகாய். மண் காயாமல் இருக்க அடியில் வைக்கோலைப் பரப்பி வைப்பேன். மூலையில் ஒரு சின்னக் குட்டை, அதில் வாத்துகள். தொழுவத்தில் இரண்டு நாட்டுமாடுகள். உரத்துக்குப் பதிலாகத் தக்கைப்பூண்டை விதைத்து, அது இடுப்பளவு வளர்ந்து பூக்கும் நேரத்தில் சேற்றோடு மடக்கி உழுதுவிடுவேன். அது வளர்ந்து நிற்கும்போது பார்க்கிறவர்களுக்கு வயலைக் கவனிக்க நாதியில்லாத வீடு என்றுதான் தோன்றும்.

எங்கள் பக்கத்தில் வயல் என்பது முகம் மாதிரி. கழுவித் துடைத்து வைத்திருக்க வேண்டும். என் முகத்தை நான் தாடி வளர்க்க விட்டிருக்கிறேன் என்று என் நாத்தனார் ஒரு கல்யாண வீட்டில் பத்துப் பேருக்கு நடுவில் சொல்லிச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

முதல் இரண்டு வருஷமும் விளைச்சல் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. "ஒனக்கின்னா, மாசமானா சம்பளம் வந்துடும். நீ செடி வளத்து வெளயாடலாம்" என்று தெருவில் ஒருத்தி சொன்னாள். கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கத்திரியில் புழு விழுந்தபோது நான் வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளித்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தேன் என்றால், அந்தப் பொறுமை கம்பெனிச் சம்பளத்தில் வாங்கியது. நிலத்தை மட்டும் நம்பி இருக்கிறவர்களுக்கு அப்படிக் காத்திருக்க வழியில்லை. இது தெரிந்த நாளிலிருந்து, "மருந்தடிக்காதீங்க" என்று யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் வயலுக்குக் கிழக்கே, கொஞ்சம் தாழ்வான நிலம் ஒருவருடையது. உறவு ஒன்றும் கிடையாது. நான் அவரை அண்ணன் என்பேன், அவர் மனைவியை அக்கா என்பேன். அவர்களுக்கு நிலத்தை விட்டால் வேறு வருமானம் இல்லை. அண்ணனுடைய வயல் சீவி விட்ட தலை மாதிரி இருக்கும். பட்டம் தவறாமல் நாற்று விடுவார், கடையில் சொல்லும் மருந்தை அளவாக அடிப்பார், அறுப்புக்கு மெஷினை முதல் ஆளாகப் பேசி வைத்துவிடுவார். என் வயலைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் தப்பாகச் சொன்னதில்லை. ஒரு கோடையில் என் மோட்டார் புகைந்துபோனபோது, நான் கேட்காமலே தன் போரிலிருந்து பைப் இழுத்து என் வாழைக்குத் தண்ணீர் விட்டார்.

ஒருமுறை என் வாத்துகள் வரப்பைத் தாண்டி, அவர் புதிதாக நட்ட வயலில் இறங்கி நாற்றை மிதித்துத் துவைத்துவிட்டன. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைத் திட்டி உலுக்கி எடுத்துவிட்டாள். அண்ணன் ஒரு குச்சியால் அவற்றை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து என்னிடம் விட்டுவிட்டு, "ஒன் பசங்களுக்கு வரப்பு எதுன்னு சொல்லிக் குடுக்கலியா நீ?" என்று கேட்டார். அவ்வளவுதான். நாற்று போன இடங்களை நான் திரும்ப நட்டுக் கொடுத்தேன். அக்கா பக்கத்தில் நின்று, வரிசை கோணுகிறது என்று இரண்டு தரம் பிடுங்கி நட வைத்தாள்.

அப்புறம் அந்த மழை வந்தது.

அந்த வருஷம் அண்ணன் குறுகிய காலத்து நெல்லை முன்கூட்டியே நட்டிருந்தார். மழைக்கு முன்னால் கதிர் வந்து, பால் பிடிக்கிற பதத்தில் இருந்தது. நான் உயரமாக வளரும் பழைய ரகம் ஒன்றைத் தாமதமாக நட்டிருந்தேன். தாமதத்துக்குக் காரணம் திட்டமெல்லாம் இல்லை. நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை. என் பயிர் அப்போதுதான் தூர் கட்டிக்கொண்டு இருந்தது, கதிர் வர நாள் இருந்தது.

முன்பெல்லாம் என் வயலில் மிஞ்சும் தண்ணீர் வடக்கே ஒரு சின்ன வாய்க்கால் வழியாக வடிந்துவிடும். அந்தப் பக்கம் இருந்த நிலத்தை மனை போட்டவர்கள் செம்மண் கொட்டி மேடாக்கியபோது வாய்க்காலையும் சேர்த்து மூடிவிட்டார்கள். சொல்லிப் பார்த்தோம். குழாய் வைத்துத் தருகிறோம் என்றார்கள். வைக்கவில்லை. பெரிய மழை வரும்வரை நானும் அதை மறந்திருந்தேன்.

விடாமல் பெய்தது. காற்று ஓய்ந்த பிறகு காலையில் போய்ப் பார்த்தபோது வயல் எது, குட்டை எது என்று தெரியவில்லை. என் பயிரின் நுனி மட்டும் அங்கங்கே தெரிந்தது. அண்ணனுடைய வயல் பக்கம் கதிரெல்லாம் தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்தது. மேற்கு ஓரத்தில், கொஞ்சம் மேடான ஒரு பகுதி மட்டும் கதிரை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இடையில் ஒரே ஒரு வரப்பு. என் பக்கத்துத் தண்ணீர் மட்டம் அந்த வரப்பை முட்டிக்கொண்டு நின்றது.

நான் குடையைப் பிடித்தபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருந்தேன். அண்ணன் தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, மண்வெட்டியோடு வந்தார்.

"இன்னும் ஒரு நாளு இப்டியே நின்னா ஒன்னுது அழுவிடும்" என்றார்.

"எங்கண்ணா வடிக்கறது? அதான் வாய்க்கால மூடிட்டாங்களே."

"என்னுது வழியா வுட்டுடறேன். கெழக்கால பெரிய வடிகால்ல போய்ச் சேந்துடும்."

"ஒங்க நெல்லு?"

"அது போச்சி. பால் புடிக்கற நேரத்துல முழுவிடுச்சி. இனிமே எந்திரிக்காது. ரெண்டும் போறதுக்கு ஒண்ணாச்சும் நிக்கட்டும்."

"வேணாண்ணா" என்றேன்.

சொன்னேன். ஆனால் எனக்குத் தெரியும், அது ஒருவரை நிறுத்துகிற குரல் இல்லை. சாப்பாட்டு இலையில் இன்னொரு கரண்டி வைக்கும்போது சொல்லும் வேண்டாம் அது.

அவர் வரப்பை வெட்டினார். தண்ணீர் முதலில் யோசிப்பது போல நின்று, பிறகு ஒரேயடியாகப் பாய்ந்தது. அதற்குப் பிறகு அந்தக் கோடியில் தன் கிழக்கு வரப்பையும் போய் வெட்டினார். என் வயலின் சேறு, வைக்கோல், அழுகிய இலை எல்லாம் அவருடைய வயலுக்குள் புகுந்து போயிற்று. மேற்கு ஓரத்தில் நின்றிருந்த கதிர்கள் அந்த ஓட்டத்தில் சாய்ந்ததை நான் பார்த்தேன்.

அக்கா கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு எதிர் வரப்பில் நின்றாள். கணவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "மேட்டுப் பக்கம் நின்னுச்சே. அது வந்துருக்கும்" என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள். திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் மாலைக்குள் என் பயிர் தலையெடுத்துவிட்டது. வெயில் வந்ததும் புதுத் தூர் விட்டது. பச்சை அப்படி ஒரு பச்சை. பக்கத்தில் அண்ணனுடைய வயல் சேறு படிந்து, பழுப்பாக, நாற்றமெடுத்துக் கிடந்தது. வீட்டுக்காரர் விடுமுறை நாளில் வந்து பார்த்துவிட்டுச் சந்தோஷத்தில் ஒரு போட்டோ எடுத்தார். ஒரே படத்தில் இரண்டு வயலும் தெரிந்தன. நான் காய்கறி கொடுக்கும் வீடுகளுக்கென்று இருக்கும் வாட்ஸப் குரூப்பில் அதைப் போட்டார். நான் கவனிக்கவில்லை.

அங்கிருந்துதான் ஆரம்பித்தது. இயற்கை விவசாயத்தைப் பரப்பும் ஒரு குழுவிலிருந்து போன் வந்தது. வயலைப் பார்க்க வருகிறோம், விவசாயிகளையும் கூப்பிடுங்கள், ஒரு சின்னக் கூட்டம் மாதிரி வைக்கலாம் என்றார்கள். நான் சரி என்றேன். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு ஆசையும் இருந்தது. எத்தனை வருஷம் ஏரிக்கரையைச் சுற்றிப் போயிருக்கிறேன்.

அண்ணனை நானே போய்க் கூப்பிட்டேன். அவர் வராமல் இருக்கலாமா? வந்தார். சும்மா வரவில்லை, மரமேறியைக் கூட்டிவந்து இளநீர் வெட்டிக் குலையாக அடுக்கி வைத்தார். கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் தோளில் துண்டோடு உட்கார்ந்துகொண்டார். டீக்கடையில் உட்காருகிறவர்கள்கூட வந்திருந்தார்கள். வேனில் வந்து இறங்கிய குழுக்காரர்கள் ஷாமியானாவுக்குப் பின்னால் ஒரு பேனரைக் கட்டினார்கள்.

அந்தக் குழுவின் தலைவர் நன்றாகப் பேசினார். மண்ணில் உயிர் இருந்தால் அது தண்ணீரைக் குடிக்கும், உயிரில்லாத மண் தண்ணீரில் செத்துப்போகும் என்றார். பிறகு கையை நீட்டினார்.

"இந்தப் பக்கம் பாருங்க. அந்தப் பக்கமும் பாருங்க. ஒரே மழை, ஒரே ஊர், நடுவுல ஒரு வரப்புதான். என்ன வித்தியாசம்? இங்க அம்மா மண்ணுக்குச் சோறு போட்டாங்க. அங்க விஷம் போட்டாங்க."

எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. ஊர்க்காரர்கள் வயலைப் பார்த்துவிட்டு, உடனே அண்ணனைப் பார்த்தார்கள். அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கேமரா வைத்திருந்த பையன் ஊர்க்காரர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று கவனித்து, கேமராவை அங்கே திருப்பினான்.

எழுந்து போய் மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

"என் பயிரு நின்னதுக்கு என் மண்ணு மட்டும் காரணம் இல்லீங்க" என்றேன். "என் தண்ணி வடிய வழியில்லாம நின்னுது. அண்ணன்தான் வரப்ப வெட்டி அவுங்க வயல் வழியா வுட்டாரு. மேட்டுல கொஞ்சம் நெல்லு நின்னுச்சி. அதுவும் என் தண்ணியாலதான் போச்சி. அவரு இல்லன்னா என்னுதும் அழுவியிருக்கும்."

பிறகு தலைவர் கைகூப்பினார். "பாருங்க, எவ்வளவு பெரிய மனசு! வெற்றியிலயும் பக்கத்து வீட்டுக்காரரை விட்டுக்கொடுக்காத மனசு. இதுதான் நம்ம விவசாயி!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். வேனில் வந்த பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் "இல்லீங்க, நெஜமா" என்று ஆரம்பித்தேன். அதற்குள் மைக்கை வாங்கிவிட்டார்கள். சால்வை ஒன்றைப் போர்த்தினார்கள். சால்வைக்குள்ளிருந்து பார்த்தபோது கடைசி வரிசையில் அந்த நாற்காலி காலியாக இருந்தது. அவர் வெட்டி வைத்த இளநீரை எல்லோரும் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்தின் வீடியோ இரண்டு மூன்று நாளில் போனில் சுற்ற ஆரம்பித்தது. நான் பேசியது அதில் இல்லை. "இந்தப் பக்கம், அந்தப் பக்கம்" இருந்தது. கழுத்தைத் துடைக்கும் அண்ணனின் முகம் இருந்தது. அதற்கு மேலே பெரிய எழுத்தில் விஷ விவசாயம் என்று போட்டிருந்தார்கள். பாகூர் முழுக்கப் பார்த்தது. அவருடைய பெண்ணைத் தவளக்குப்பத்தில் கொடுத்திருக்கிறார்கள். சம்பந்தி வீட்டாரும் பார்த்தார்கள்.

அந்தக் கேமராப் பையனுக்குப் போன் செய்தேன். "நல்லா போய்ட்டிருக்குங்க மேடம், ஏன் எடுக்கணும்?" என்றான். நான் பேசியதையாவது சேர்க்கச் சொன்னேன். "லென்த் ஆயிடும் மேடம். பாக்க மாட்டாங்க." தலைவரிடம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார், வருத்தப்பட்டார். எடுத்தும்விட்டார்கள். ஆனால் எடுக்கும்போது அது அவர்கள் கையை விட்டுப் போய் வெகுநாளாகியிருந்தது.

அண்ணன் வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. தினமும் நினைப்பேன், தினமும் ஏதாவது வேலை வந்துவிடும். அறுப்பு வந்தது. என் நெல் நன்றாக விளைந்திருந்தது. களத்தில் குவிந்து கிடந்ததைப் பார்த்து வீட்டுக்காரர், "ஏன் மூஞ்சிய இப்டி வெச்சிருக்க?" என்று கேட்டார். அந்தப் போட்டோவைப் போட்டது அவர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர் போட்டதில் குற்றம் என்ன இருக்கிறது? அவரையும் கேலி கேட்க ஒரு டீக்கடை இருந்திருக்கும்.

ஒரு மூட்டை நெல்லை டூவீலரில் கட்டிக்கொண்டு ஒருநாள் காலையில் போனேன். அண்ணன் சீருடை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். நீலச் சட்டை, இடுப்பில் பெல்ட். அரியாங்குப்பத்தில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி ஒன்றில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அதுவரை நான் அவரை அப்படி ஓர் உடையில் பார்த்ததில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மூட்டையைப் பார்த்தேன்.

"அண்ணா, அந்த வீடியோ..."

"அத்த வுடும்மா" என்றார். "வயலு அப்டித்தான் கெடந்துச்சி. அவுங்க இல்லாதத ஒண்ணும் காட்டல."

"ஆனா நீங்க வெட்டுனதாலதான..."

"நான் ஒனக்காக வெட்டல. பயிரு சாவறத சும்மா நின்னு பாக்க முடியல, வெட்னேன். ஒன்னுதா இருந்தா இன்னா, எவனுதா இருந்தா இன்னா." பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார். "ஆனா நீ கூட்டத்துல எந்திரிச்சி சொன்ன பாரு, அப்பதான் எனக்கு ஒரு மாதிரியா போச்சி. அதுவரைக்கும் எவனோ பேசறான்னு ஒக்காந்துருந்தேன். நீ அண்ணன் வுட்டாருன்னு சொன்னதும், எல்லாரும் கையத் தட்டுனாங்க பாரு. பிச்ச போட்ட மாதிரி இருந்துச்சி."

நான் செய்த ஒரே நல்ல காரியம் என்று அத்தனை நாளும் அந்தப் பேச்சைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூட்டையை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பக்கம் அவரே பிடித்து இறக்கி உள்ளே வைத்தார். "வெதைக்கு ஆவுமா?" என்று மட்டும் கேட்டார். ஆகும் என்றேன். "பாப்போம்" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக் கிளம்பிப் போனார். அக்கா உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியே வரவில்லை.

அந்த விதையை அவர்கள் விதைக்கவில்லை. கையில் முதல் இல்லாமல் அடுத்த பட்டத்துக்கு நிலத்தைச் சும்மா போட்டுவிட்டார்கள். அவ்வளவு நேர்த்தியாக இருந்த வயலில் கோரை முளைத்து மண்டியது. டீக்கடைப் பக்கம் போகும்போது இப்போது என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. நான் நேர்ப்பாதையில்தான் போகிறேன். ஆனால் வேகமாகப் போகிறேன்.

சித்திரையில் தொடங்கும் சொர்ணவாரிப் பட்டத்துக்கு நாற்று தயாராகி, நடவு ஆட்களுக்குச் சொல்லி வைத்திருந்தேன். காலையில் வரப்பில் வரிசையாக வந்த பெண்களைப் பார்த்தேன். நடுவில் அக்கா. புடவையைத் தூக்கிச் செருகி, தலையில் துண்டு கட்டி, மற்றவர்கள் மாதிரியே டிபன் தூக்குப் பாத்திரத்தோடு வந்தாள். தன் நிலத்தைத் தவிர வேறு எங்கும் அவள் இறங்கி நான் பார்த்ததில்லை.

நான் ஓடிப்போய் வழியை மறித்துக்கொண்டு நின்றேன். "இன்னாக்கா நீங்க போய்..."

"ஏன், எனக்கு நடத் தெரியாதா?"

"அதுக்கில்லக்கா. நீங்க வந்து ஒக்காருங்க. ஆளுங்க இருக்காங்க."

"ஒக்காறதுக்கு எங்க வூட்லயே எடம் இருக்குது."

மற்ற பெண்கள் நின்று பார்த்தார்கள். என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது என்றோ, உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றோ உளறினேன். அக்கா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். அந்த மழைக்குப் பிறகு அப்போதுதான் அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நீ வெக்கப்பட்டுக்கினே நின்னா நாத்து தானா நட்டுக்குமா? தள்ளு. வெயிலு ஏறுது" என்றாள்.

தள்ளி நின்றேன். அவள் சேற்றில் இறங்கினாள். ஒரு நாற்று முடியை எடுத்து உதறிப் பிரித்தாள். குனிந்து நடத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் வரப்பிலேயே நின்றுவிட்டு நானும் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். அவள் பக்கத்தில் இடம் இருந்தது. அங்கே போக எனக்குத் துணிச்சல் வரவில்லை. வரிசையின் கோடியில் போய் நின்றுகொண்டு, பின்னால் பின்னால் நகர்ந்து, நட்டுக்கொண்டே போனேன்.